வெளி மானிட்டர் விட்டு விட்டு வருகிறதா? அந்த இரண்டு நொடியைக் கவனியுங்கள்

லேப்டாப்போடு வெளி மானிட்டரைச் சேர்த்து வேலை பார்க்கிறீர்கள், பாதி வேலையில் மானிட்டர் சட்டென்று கருப்பாகிறது, இரண்டு நொடி கழித்து எதுவுமே நடக்காதது போலத் திரும்பி வருகிறது. ஒரு மணி நேரம் ஒழுங்காக இருக்கும், அப்புறம் ஐந்து நிமிடத்தில் மூன்று தடவை போகும். முழுக்கச் செத்துப்போன மானிட்டரைக்கூடச் சமாளித்துவிடலாம். இப்படி வருவதும் போவதுமாக இருப்பதுதான் ஆளைப் படுத்தி எடுக்கும், ஏனென்றால் நீங்கள் எதையாவது மாற்றியதும் தற்செயலாகக் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், சரியாகிவிட்டது என்று நம்பி மற்ற வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள், மறுநாள் காலையில் மறுபடி கருப்பு.

பலரும் இந்த இடத்தில் முதலில் கை வைப்பது டிரைவரில்தான், அதாவது கிராபிக்ஸ் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளில். டிரைவரை நீக்கி மறுபடி போடுவது, அதிலும் சரியாகவில்லை என்றால் விண்டோஸையே புதிதாக ஏற்றுவது என்று ஒரு நாள் முழுக்கப் போய்விடும். நான் சொல்வது வேறு வரிசை. திரை போய் வருகிற அந்த இரண்டு நொடிக்குள்ளேயே பழுது எந்தப் பக்கம் என்பதற்கான தடயம் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை ஒரு தாளில் நேரத்தோடு எழுதி வையுங்கள். கேபிள், ஹப் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் பெட்டி, அதன் பெரிய வடிவம்தான் டாக்), செட்டிங்ஸ் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதல் வேலை: எதையும் தொடாமல் கவனிப்பது

மானிட்டரில் இரண்டு மூன்று விண்டோக்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் சொந்தத் திரையும் எரியட்டும், அதை மூடி வைத்துவிட்டுச் சோதிக்காதீர்கள். லேப்டாப் ஒலியைக் கூட்டி வையுங்கள். இப்போது மானிட்டர் கருப்பாகும்போது பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

மானிட்டரில் இருந்த விண்டோக்கள் எல்லாம் லேப்டாப் திரைக்குத் தாவி வந்தனவா? வந்தால், மானிட்டரை யாரோ கழற்றிவிட்டார்கள் என்று லேப்டாப் நினைத்திருக்கிறது. இது ஏன் என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. எச்டிஎம்ஐ பிளக்கில் 19 ஊசிகள் உண்டு. அதில் 19வது ஊசி படத்தைக் கொண்டுபோவதில்லை, அதன் வேலை 'நான் இருக்கிறேன்' என்று மானிட்டர் லேப்டாப்புக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது. அந்த ஊசியில் மின்னழுத்தம் ஒரு கணம் விழுந்தால் போதும், லேப்டாப் மானிட்டரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு விண்டோக்களை வாரிக்கொண்டு வந்துவிடும். ஊசி மறுபடி தொட்டதும் 'நீ யார், உன்னால் என்ன ரெசல்யூஷன் காட்ட முடியும்' என்று விசாரித்து, எல்லாவற்றையும் புதிதாக அமைக்கும். அதனால்தான் இந்த வகைத் துண்டிப்பில் இரண்டு திரைகளுமே ஒரு முறை கண் சிமிட்டும். பிளக் ஆடுவது, போர்ட் தளர்ந்திருப்பது, அடாப்டர் கெட்டிருப்பது, மானிட்டர் தானாகவே தூங்கி எழுவது எல்லாம் இந்தப் பக்கம்.

விண்டோக்கள் இருந்த இடத்திலேயே இருந்து, படம் மட்டும் போய் வந்ததா? அப்படியானால் மானிட்டர் இருப்பது லேப்டாப்புக்குத் தெரிகிறது, படத் தகவல்தான் வழியில் சிதைகிறது. கேபிள் அந்த வேகத்துக்குத் தாங்கவில்லை, அல்லது வெளியிலிருந்து மின் இடையூறு ஏறுகிறது. இதோடு கருப்பான இடங்களில் வெள்ளையாகவோ நிறமாகவோ பொடிப்பொடிப் புள்ளிகள் மின்னினால், கேபிளின் மேல் சந்தேகத்தை இன்னும் கூட்டிக்கொள்ளலாம்.

ஹப்பிலோ டாக்கிலோ மாட்டிய கீபோர்டு, மவுஸ், நெட்வொர்க் எல்லாம் அதே நேரத்தில் போய் வந்தனவா, விண்டோஸில் ஏதோ கழன்றதற்கான 'டிங் டாங்' சத்தம் கேட்டதா? கேட்டால் மானிட்டரை விட்டுவிடுங்கள், ஹப்தான் விழுந்து எழுகிறது.

லேப்டாப்பின் சொந்தத் திரையும் சேர்ந்து இரண்டு மூன்று நொடி முழுக் கருப்பாகி, ஓடிக்கொண்டிருந்த வீடியோவோ கேமோ நின்றுபோனால், கிராபிக்ஸ் டிரைவர் விழுந்து எழுந்திருக்கிறது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளுக்குள் போய் 4101 என்ற எண் அதே நேரத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டது என்பதன் குறி அது. இருந்தால் மட்டும் நேராகக் கடைசியில் உள்ள டிரைவர் பகுதிக்குப் போகலாம்.

கட்டணம் கட்டிப் பார்க்கும் படத் தளங்களைத் திறக்கும்போது மட்டும் கருப்பானால் அது தனிக் கதை. நகலெடுப்பைத் தடுக்க எச்டிசிபி என்றொரு பூட்டு இருக்கிறது. படம் தொடங்கும்போது லேப்டாப்பும் மானிட்டரும் அந்தப் பூட்டுக்கான சாவியைப் பரிமாறிக்கொள்ள வேண்டும், நடுவில் இருக்கும் மலிவான அடாப்டரோ ஸ்ப்ளிட்டரோ அதைச் சொதப்பினால் திரை போய் வரும். அடாப்டர் இல்லாமல் நேர் கேபிளில் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேபிளும் அதன் இரண்டு முனைகளும்

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். கழுத்து வலிக்காக லேப்டாப்பை ஒரு ஸ்டாண்டில் தூக்கி வைத்தேன், அன்றிலிருந்து மானிட்டர் போய் வர ஆரம்பித்தது. அதே வாரத்தில் ஒரு பெரிய விண்டோஸ் அப்டேட்டும் வந்திருந்ததால் பழியை அதன் மேல் போட்டுவிட்டு, பழைய டிரைவர், புது டிரைவர் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பக்கவாட்டிலிருந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. லேப்டாப் மேஜையில் இருந்தவரை கேபிளும் மேஜையில் படுத்திருந்தது. ஸ்டாண்டில் ஏற்றியபின் அந்தத் தடித்த எச்டிஎம்ஐ கேபிள் ஒரு சாண் உயரத்திலிருந்து தொங்கியது, அதன் கனம் பிளக்கைக் கீழே இழுத்து, போர்ட்டின் மேல் விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளி தெரிந்தது. தட்டச்சு செய்யும்போது மேஜை அதிர்ந்தால் போதும், தொடர்பு அறுந்துவிடும். கேபிளை ஸ்டாண்டின் காலோடு ஒட்டுப்பட்டையால் கட்டி, பிளக்குக்கு முன்னால் கொஞ்சம் தளர்வு விட்டேன். அதோடு நின்றது.

அதனால் முதலில் கேபிளின் கனம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பிளக் போர்ட்டுக்குள் நேராக, அடிவரை போயிருக்க வேண்டும். லேப்டாப்புக்குத் தடித்த உறை போட்டிருந்தால், அந்த உறை பிளக்கை ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கிறதா என்றும் பாருங்கள், இது அடிக்கடி கண்ணில் படாமல் போகும். மானிட்டரின் பின்பக்கமும் இதே கதைதான், சுவரோடு ஒட்டி வைத்த மானிட்டரில் கேபிள் செங்குத்தாக மடங்கி நிற்கும். எச்டிஎம்ஐ போலவே படம் கொண்டுபோகும் இன்னொரு வகையான டிஸ்ப்ளேபோர்ட்டின் பிளக் பலவற்றில் சின்னக் கொக்கி உண்டு, 'கிளிக்' என்று பிடிக்கும்வரை அழுத்த வேண்டும். கழற்றும்போது மேலே உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டுதான் இழுக்க வேண்டும், சும்மா இழுத்தால் போர்ட்டோடு வந்துவிடும்.

அப்புறம் அசைத்துப் பார்க்கும் சோதனை. படம் ஓடும்போது லேப்டாப் பக்கப் பிளக்கை இரண்டு விரலால் பிடித்து, மேலும் கீழும் இடமும் வலமும் மிக மெதுவாக, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் அசையுங்கள். பலம் போடக் கூடாது. எந்தத் திசையில் அசைக்கும்போது படம் போகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மானிட்டர் பக்கமும் அப்படியே. அப்புறம் கேபிளின் நடுப்பகுதியை, குறிப்பாக மடங்கிய இடங்களையும் நாற்காலிச் சக்கரம் ஏறியிருக்கக்கூடிய இடங்களையும் தொட்டுப் பாருங்கள். பிளக்கை அசைத்தால் போகிறது என்பதால் போர்ட்தான் கெட்டது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள், வேறு கேபிளைப் போட்டு அதே அசைப்பைச் செய்தாலும் போனால்தான் போர்ட்டின் மேல் சந்தேகம்.

போர்ட்டின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பையிலேயே கிடக்கும் லேப்டாப்பின் யுஎஸ்பி-சி போர்ட்டில் துணிப் பிசிறு சேர்ந்து, ஒவ்வொரு முறை சொருகும்போதும் அடியில் அழுந்தி, ஒரு மெத்தை மாதிரி ஆகிவிடும், பிளக் அடிவரை போகாது. லேப்டாப்பை முழுக்க அணைத்து, சார்ஜரையும் எடுத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாக வழித்து எடுக்கலாம். ஊசி, குண்டூசி, ஜெம் கிளிப் எதுவும் வேண்டாம்.

இப்போது கேபிளையே மாற்றிப் பார்க்க வேண்டும், அதுவும் வேறு ஒரு லேப்டாப், மானிட்டர் ஜோடியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கேபிளாக, முடிந்தால் 2 மீட்டருக்குள் இருக்கும் குட்டைக் கேபிளாக. புதிதாக வாங்கிய கேபிள் என்பதால் அது நல்ல கேபிள் என்று ஆகிவிடாது. எச்டிஎம்ஐ கேபிள்களை வேகத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். நொடிக்கு 18 ஜிகாபிட் வரை போகும் என்று சோதிக்கப்பட்டவை பிரீமியம் ஹை ஸ்பீடு, 48 ஜிகாபிட் வரை போகிறவை அல்ட்ரா ஹை ஸ்பீடு. உறையில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் ஒட்டி இருக்கும். '2.1 கேபிள்' என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு அந்த ஒட்டி இல்லாதிருந்தால் நான் வாங்க மாட்டேன்.

யுஎஸ்பி-சி கேபிளில் இன்னொரு பொறி இருக்கிறது. போனுக்குச் சார்ஜ் போடும் கேபிள் பலவற்றில் வேகமான தகவல் கம்பிகளே கிடையாது, முனை ஒரே மாதிரி இருப்பதால் நாம் ஏமாந்துவிடுகிறோம். அதில் சார்ஜ் ஏறும், படம் வராது. படம் வந்து வந்து போகிறது என்றால் கேபிளில் கம்பிகள் இருக்கின்றன, தரமோ நீளமோதான் பிரச்சினை. யுஎஸ்பி-சி முனையோடே வரும் அதிவேக தண்டர்போல்ட் வகையில், சிக்னலைத் தூக்கிவிடும் சிப் வைக்காத சாதாரண கேபிள் முழு 40 ஜிகாபிட் வேகத்தில் ஓட 0.8 மீட்டர்தான் எல்லை என்பதை நினைத்தால், 2 மீட்டர் மலிவுக் கேபிளில் ஏன் தடுமாறுகிறது என்பது புரியும். லேப்டாப்பில் இரண்டு யுஎஸ்பி-சி போர்ட் இருந்தால் இரண்டிலும் படம் வரும் என்றும் இல்லை. பக்கத்தில் மின்னல் குறியோ, டிஸ்ப்ளேபோர்ட்டின் 'டி, பி' (D, P) எழுத்துகள் சேர்ந்த குறியோ இருக்கிறதா என்று பாருங்கள், குறியே இல்லை என்றால் உங்கள் மாடலின் விவரக் குறிப்பைப் பார்ப்பதுதான் வழி.

டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் ஒருவழிப் பாதை என்பதையும் மறக்காதீர்கள். லேப்டாப் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ என்றால்தான் வேலை செய்யும். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்று தலைகீழாக இருந்தால் தனியாக மின்சாரம் வாங்கி மாற்றிக் கொடுக்கும் கன்வர்ட்டர் வேண்டும்.

சுமையைக் குறைத்துப் பாருங்கள்

கையில் மாற்றுக் கேபிள் இல்லாதவர்களுக்கும் இது உதவும், ஒரு பைசா செலவில்லாத சோதனை. 1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 4கே (3840×2160) திரையில் 83 லட்சம், சரியாக நான்கு மடங்கு. நொடிக்கு 60 தடவை, ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் என்று கணக்குப் போட்டால் முதலாவதுக்கு 3 ஜிகாபிட், 4கேக்கு 12 ஜிகாபிட் ஓட வேண்டும். எச்டிஎம்ஐயின் பழைய 1.4 பதிப்பின் மொத்த வேகமே 10.2 ஜிகாபிட்தான், அதனால்தான் அதில் 4கே 30 ஹெர்ட்ஸோடு (நொடிக்கு 30 தடவை) நின்றுவிடுகிறது. 2.0 வந்தபின் 18 ஜிகாபிட், அதில் படத்துக்குக் கிடைப்பது 14.4. 4கே 60 ஹெர்ட்ஸ் அதற்குள் அடங்கும், ஆனால் பெரிய இடைவெளி விட்டு அல்ல. நிறத்தை 10 பிட் ஆக்கினால் ஏறத்தாழ 15 ஜிகாபிட் ஆகிவிடும், அப்போது நிறத் தகவலைக் குறைத்து அனுப்புவார்கள், சின்ன எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசிந்தாற்போலத் தெரியும்.

விண்டோஸில் டெஸ்க்டாப்பின் மேல் வலது கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அதில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. மேலே வெளி மானிட்டரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று உறுதி செய்துகொண்டு, ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை தடவை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதை, ஒரு படி இறக்குங்கள். 144 இருந்தால் 60க்கு, 4கேயில் 60 இருந்தால் 30க்கு. மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ் போய் டிஸ்ப்ளேஸ். வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் எச்டிஆர் வசதி ஓடினால் அதையும் அணையுங்கள். இப்படியே வழக்கமான வேலையைப் பாருங்கள். முன்பு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போயிருந்தால் அரை நாளாவது ஓட்டிப் பார்க்க வேண்டும், பத்து நிமிடம் போதாது.

இறக்கியபின் ஒரு தடவைகூடப் போகவில்லை என்றால் போர்ட்டும் மானிட்டரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன, நடுவில் உள்ள கேபிளோ அடாப்டரோதான் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. நல்ல கேபிள் போட்டபின் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இறக்கியும் அதே மாதிரி போகிறது என்றால் வேகம் காரணமில்லை, தளர்ந்த தொடர்பு, மின்சாரம், ஹப் என்று அந்தப் பக்கம் தேடுங்கள்.

கருப்பாகாமல் வெளிச்சம் மட்டும் படபடவென்று ஏறி இறங்குவதைச் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். கேமில், அதுவும் லோடு ஆகும் திரைகளில் அப்படி நடந்தால் ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் போன்ற மாறும் ரெஃப்ரெஷ் வசதியை அணைத்துப் பாருங்கள்.

நடுவில் ஹப்போ டாக்கோ இருந்தால்

முதலில் அதை எடுத்துவிட்டு, லேப்டாப்பிலிருந்து மானிட்டருக்கு நேராக ஒரு கேபிள் போட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். ஓடினால் பழி ஹப்பின் மேல். ஆனால் ஹப் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் அதற்குப் போதுமான மின்சாரம் கிடைக்கவில்லை. லேப்டாப்பின் யுஎஸ்பி-சி போர்ட் அதிகபட்சம் 15 வாட் தரலாம், பல போர்ட்டுகள் அதைவிடக் குறைவாகத்தான் தருகின்றன. அதில் ஹப்பும் ஓட வேண்டும், மானிட்டருக்குப் படத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும், நீங்கள் மாட்டிய வெளி ஹார்டு டிஸ்க்கும் சுற்ற வேண்டும். டிஸ்க் சுற்றத் தொடங்கும் அந்தக் கணத்தில் திரை போனால் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஹப்பில் சார்ஜருக்கான போர்ட் இருந்தால் சார்ஜரை அதன் வழியாகக் கொடுங்கள், ஹார்டு டிஸ்க்கை நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள்.

சார்ஜரை ஹப்பில் சொருகும்போதோ பிடுங்கும்போதோ மட்டும் ஒரு தடவை திரை போய் வந்தால் கவலைப்பட வேண்டாம். மின்சாரம் யார் யாருக்குத் தருவது என்று எல்லாம் மறுபடி பேசி முடிவு செய்கின்றன, அப்போது பல ஹப்களில் இப்படி நடக்கும்.

சூடும் ஒரு காரணம். காலையில் ஒழுங்காக ஓடி, நாற்பது நிமிடம் கழித்துப் போக ஆரம்பித்தால் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். லேப்டாப்பின் அடியிலோ காகிதக் குவியலுக்குள்ளோ கிடந்தால் வெளியே எடுத்துக் காற்றோட்டமாக வையுங்கள். டாக் என்றால் தயாரிப்பாளர் தளத்தில் அதற்கான ஃபர்ம்வேர் (டாக்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், மானிட்டர் தூக்கத்திலிருந்து எழாமல் போகும் பிரச்சினைகளில் பல அதில்தான் தீர்கின்றன.

இங்கே இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பல ஹப்கள் யுஎஸ்பி-சியில் உள்ள நான்கு வேகப் பாதைகளில் இரண்டை மட்டும் படத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதி இரண்டை யுஎஸ்பி 3க்கு வைத்துக்கொள்ளும். கொஞ்சம் பழைய லேப்டாப்பில் இப்படி மாட்டினால் 4கேயில் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் வராது. அது பழுதே இல்லை, ஹப்பின் அமைப்பு அப்படி. அதேபோல எம்1, எம்2 அடிப்படைச் சிப் உள்ள மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் ஏற்கும். இரண்டாவது வரவில்லை என்று ஹப் ஹப்பாக மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

கரண்ட், நாற்காலி

"அண்ணா, நான் எந்திரிக்கும்போதெல்லாம் மானிட்டர் போகுது" என்று தம்பி ஒரு நாள் போனில் சொன்னான். காலில் கேபிள் தட்டியிருக்கும் என்றேன். இல்லவே இல்லை என்றான். வீடியோ காலில் கேமராவை மேஜைப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லி, உட்கார்ந்து எழு, உட்கார்ந்து எழு என்று பத்துத் தடவை செய்யச் சொன்னேன். கேபிளை யாரும் தொடவில்லை, மேஜையும் அசையவில்லை, ஆனாலும் அவன் எழுந்த ஏழு தடவை திரை ஒரு நொடி கருப்பானது. மர நாற்காலியில் உட்கார்ந்து செய்தபோது ஒரு தடவைகூடப் போகவில்லை.

கேட்டால் நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் இது பலருக்கும் நடக்கிற, தெரிந்த விஷயம்தான். உயரத்தை ஏற்றி இறக்க உள்ளே கேஸ் சிலிண்டர் வைத்த சுழல் நாற்காலிகளில் உட்காரும்போதும் எழும்போதும் நிலைமின்சாரம் சேர்ந்து வெளியேறுகிறது, அப்போது கிளம்பும் மின்காந்தத் துடிப்பைக் காப்பு உறை சரியில்லாத கேபிள் ஆன்டெனா மாதிரிப் பிடித்துக்கொள்கிறது. காற்று வறண்ட நாட்களில் இன்னும் அதிகம். தம்பிக்குக் காப்பு நன்றாக உள்ள குட்டைக் கேபிள் ஒன்றைப் போட்டு, முனைகளில் உருண்டையாகக் கட்டும் ஃபெரைட் வளையத்தையும் மாட்டச் சொன்னேன். கேபிளைத் தரையிலிருந்து எடுத்து மேஜையின் பின்பக்கமாக ஓட்டினான். அதோடு சரியானது.

மின்சாரம் பக்கம் செய்ய வேண்டிய சோதனை எளிது. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் சார்ஜரோ எர்த் இணைப்போ காரணமாக இருக்கலாம். லேப்டாப்பின் உலோக உடம்பில் விரலை வைத்து நகர்த்தும்போது லேசாக விறுவிறுவென்று உணர்ந்தால் எர்த் சரியில்லை என்பதற்கான அறிகுறி. எர்த் ஊசி உள்ள சார்ஜர் கம்பியைப் பயன்படுத்துங்கள், லேப்டாப்புக்கும் மானிட்டருக்கும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பிலிருந்து மின்சாரம் கொடுங்கள். மோட்டாரோ கம்ப்ரசரோ ஓடும் சாதனம் கிளம்பும்போதெல்லாம் திரை சிமிட்டினால் அதை வேறு சாக்கெட்டுக்கு மாற்றுங்கள்.

கேபிளில் அரிதாக வரும் ஒரு தவறு உண்டு. டிஸ்ப்ளேபோர்ட்டின் 20வது ஊசி மின்சாரம் தரும் ஊசி, சாதாரண கேபிளில் அது இரண்டு முனைகளையும் இணைக்கக் கூடாது என்பது விதி. விதியை மீறி இணைத்து விற்கும் கேபிளில் மானிட்டரிலிருந்து கணினிக்குள் மின்சாரம் ஏறி, ஆன் ஆகாமல் முரண்டு பிடிப்பது போன்ற விசித்திரங்கள் நடக்கும். கேபிளை எடுத்தால் ஒழுங்காக ஆன் ஆகிறது என்றால் அந்தக் கேபிளை மறுபடி சொருகாதீர்கள்.

மானிட்டரின் மெனு

இது சீக்கிரம் முடியும். மானிட்டரின் பொத்தானை அழுத்தி மெனுவைத் திறந்து, இன்புட்டைத் தானாகத் தேடும் ஆட்டோவிலிருந்து எடுத்து, நீங்கள் மாட்டியிருக்கும் எச்டிஎம்ஐ 1 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் என்று நிலையாக வையுங்கள். ஒரு கணம் சிக்னல் தடுமாறியதும் ஆட்டோ மற்ற இன்புட்டுகளை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும், அரை நொடித் தடுமாற்றம் ஐந்து நொடிக் கருப்பாகிவிடும். டீப் ஸ்லீப், எக்கோ, ஆட்டோ பவர் ஆஃப் என்று எதுவும் இருந்தால் அணைத்துவிடுங்கள், குறிப்பாக லேப்டாப்பைத் தூங்க வைத்து எழுப்பினால் மானிட்டர் எழவில்லை என்பவர்கள். மாற்றியபின் மானிட்டரின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். பொத்தானில் அணைப்பது போதாது, அது பாதித் தூக்கம்தான்.

கடைசியில்தான் டிரைவர்

சந்தேகத்தைச் சுத்தமாகத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பென் டிரைவில் உபுண்டு மாதிரி ஏதாவது லினக்ஸைப் போட்டு, நிறுவாமல் அதிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்பி, மானிட்டரை முன்பிருந்த அதே ரெசல்யூஷனிலும் ரெஃப்ரெஷ் ரேட்டிலும் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அங்கேயும் போய் வருகிறது என்றால் விண்டோஸ் மேல் குற்றமில்லை, டிரைவரைத் தொட வேண்டியதே இல்லை.

அங்கே ஒழுங்காக ஓடினால் விண்டோஸுக்குத் திரும்பி, திரை கருப்பாகி வராமல் நிற்கும்போது விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு 'பீப்' சத்தத்தோடு கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி கிளம்பும், திறந்திருக்கும் வேலைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இதில் திரும்பி வருகிறது என்றால் டிரைவர் மேல் சந்தேகம் வலுக்கிறது. எதற்கும் அழுத்துவதற்கு முன்னால் சேமித்துவிடுங்கள்.

டிரைவரை லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று கொடுத்திருப்பதிலிருந்து எடுப்பது நல்லது. பிரச்சினை ஒரு அப்டேட்டுக்கு அடுத்த நாள் தொடங்கியது என்று உங்கள் தாள் சொன்னால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், உங்கள் கிராபிக்ஸின் மேல் இரட்டைக் கிளிக், டிரைவர் பகுதியில் ரோல் பேக். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிக்கப்படவில்லை, தளத்திலிருந்து முந்தைய பதிப்பை இறக்க வேண்டும். இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் இரண்டுக்கும் பாருங்கள், பல மாடல்களில் எச்டிஎம்ஐ ஒரு சிப்போடும் யுஎஸ்பி-சி இன்னொன்றோடும் இணைந்திருக்கும். பயாஸ் (லேப்டாப்பைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் இருந்தால் சார்ஜரை மாட்டிக்கொண்டு செய்யுங்கள், பாதியில் அணைக்கக் கூடாது.

டிஸ்ப்ளேலிங்க் வகை அடாப்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அது படத்தைச் சுருக்கி யுஎஸ்பி வழியாக அனுப்புகிறது, முழுக்கத் தன் டிரைவரை நம்பித்தான் ஓடுகிறது. நீங்கள் லினக்ஸ் சோதனையெல்லாம் செய்ய வேண்டாம், முதல் வேலையாகவே அதன் டிரைவரைப் புதுப்பித்துவிடுங்கள்.

போர்ட்டே போயிருந்தால்

மூன்று கேபிள் மாற்றியும், வேறு மானிட்டரில் மாட்டியும், லினக்ஸில் ஓட்டியும், ஒரு குறிப்பிட்ட திசையில் அசைத்தால் போகிறது என்றால் லேப்டாப்பின் போர்ட் உள்ளே போர்டிலிருந்து விட்டிருக்கிறது. இதைச் சாலிடர் செய்யத் தெரிந்தவர் செய்ய வேண்டும், நீங்கள் திறக்காதீர்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது 'டிஸ்ப்ளே வரலை' என்று பொதுவாகச் சொன்னால் அவர்கள் ஒரு நிமிடம் மாட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று திருப்பித் தந்துவிடுவார்கள், ஏனென்றால் அந்த ஒரு நிமிடம் நன்றாகத்தான் இருக்கும். அந்தத் தாளைக் கொடுங்கள். பிளக்கை எந்தப் பக்கம் அசைத்தால் போகிறது என்று போனில் பத்து நொடி வீடியோ எடுத்து அதையும் காட்டுங்கள். லேப்டாப் திரும்பி வரும்போது கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்னால், உங்கள் கேபிளையே மாட்டி, அதே பக்கம் அசைத்துப் பார்த்து வாங்குங்கள்.